திருப்பி அடிக்காத ஆறு பேர்

அன்புள்ள அப்பு,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எழுதுவதற்கு முதலில் என்னை மன்னித்துக்கொள். நீ அடுத்த அறையில்தான் இருக்கிறாய். எழுந்து வந்து நாலு வார்த்தையில் சொல்லிவிடலாம். ஆனால் எனக்கு வாய் வராது என்பது உனக்குத் தெரியும். எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். மதுரையில் விடுதியில் தங்கி மூன்று வருஷம் படித்து பி.ஏ. வாங்கினேன். அந்த மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூட வகுப்பில் எழுந்து நின்று கேள்வி கேட்டதில்லை. பார்ப்பேன், கேட்பேன், மனதில் வைத்துக்கொள்வேன். கல்யாணமாகிப் போடிக்கு வந்த பிறகும் அப்படித்தான். வியாழக்கிழமை நீ துப்பாக்கிகளை வாங்க மதுரைக்குப் போகிறாய். அதற்கு முன்னால் நீ இதைப் படித்துவிட வேண்டும். நீளமாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்.

திங்கட்கிழமை சாப்பிடும்போது உன் நோட்டை என் தட்டுக்குப் பக்கத்தில் விரித்துவைத்தாய். சிங்கப்பூரில் இருந்து உன் சிநேகிதனின் அண்ணன் அனுப்பிய பத்திரிகைப் பக்கத்தை அதில் ஒட்டியிருந்தாய். கண்ணுக்குப் பெரிய கண்ணாடி மாட்டிய வெள்ளைக்காரர்கள், மேலெல்லாம் மஞ்சளும் நீலமுமாகச் சாயம். "இதாம்மா ஆட்டம். பலூன் சுடுற துப்பாக்கியத்தான் லேத்துல குடுத்துக் குழாய மாத்தச் சொல்லியிருக்கு. குண்டுக்குப் பதிலா சாய உருண்டை. நம்ம கிட்டங்கிக்குள்ள மூட்டைய அடுக்கி, டயரு போட்டு, அந்தப் பழைய ஜீப்புக் கூட்டையும் உள்ள தள்ளிட்டா ஒளிஞ்சு ஒளிஞ்சு சுடலாம். மேல சாயம் பட்டா அவன் அவுட்டு. மூணாறு போற டூரிஸ்ட் பஸ்சு பூரா இந்த வழியாத்தானே போகுது" என்றாய். உன் முகத்தில் அவ்வளவு வெளிச்சம். ஏலக்காய் வியாபாரம் படுத்துக் கிடக்கும் கோடையில் காலியாய்க் கிடக்கிற சரக்குக் கிட்டங்கிக்கு ஒரு வழி பிறக்கட்டும் என்றுதான் நானும் நினைத்தேன். ஆள் வராத நாளில் என்ன செய்வாய் என்று மட்டும் கேட்டேன்.

அதற்கு நீ பக்கத்தைத் திருப்பி, கீழே கோடு போட்டிருந்த வரியைக் காட்டினாய். கம்பெனி ஆட்கள், ஆறு பேர். "குரங்கணியில இருந்து வருவாங்கம்மா. தினக்கூலி. எதிர்க்கட்சி அவங்கதான். கையில துப்பாக்கி இருக்கும், குண்டு இருக்காது. காசு குடுத்து வர்றவன் மேல அடி விழுந்தா அவன் மறுக்கா வருவானா? அவங்களுக்குக் கூலி, நமக்கு யாவாரம். வெறும் சாயந்தானே." வாயில் இருந்த சோற்றை என்னால் விழுங்க முடியவில்லை. கொல்லைப் பக்கம் போய்த் துப்பினேன். "என்னம்மா, கல்லா?" என்று கேட்டாய். ஆமாம் என்றேன். கல் இல்லை, அப்பு. பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே வார்த்தையை, கிட்டத்தட்ட இதே குரலில், உன் அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்போது எனக்குக் குமட்டவில்லை. அதை நினைத்துத்தான் இப்போது குமட்டியது.

அப்பா நடத்தியதைத்தான் நீயும் நடத்தப்போவதாகச் சிநேகிதர்களிடம் பெருமையாகச் சொல்கிறாய். உனக்கு ஞாபகம் இருப்பது, மூன்றாம் வகுப்பு லீவில் பச்சையும் சிவப்புமாக ஓடிய தரையும் ஒரே சிரிப்புச் சத்தமும்தான். ஏன் மூடினார்கள் என்று நீ கேட்டபோது, மழைக்குக் கூரை ஒழுகிவிட்டது என்று அப்பா சொன்னார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். ஒழுகவில்லை என்று சொல்லவில்லை.

அந்த வருஷம் மாரியம்மன் திருவிழா முடிந்து மஞ்சள் தண்ணீர் ஊற்றிய அன்றுதான் உன் அப்பாவுக்கு அந்த யோசனை வந்தது. உனக்குத் தெரிந்த வழக்கம்தான். மாமன், மச்சான், கொழுந்தியா, மதினி என்று முறை உள்ளவர்கள் ஒருவர் மேல் ஒருவர் ஊற்றலாம். மற்றவர் மேல் ஒரு சொட்டுப் படக்கூடாது. அன்று பொழுது சாய்ந்த பிறகும் வாலிபப் பிள்ளைகள் குடத்தைக் கீழே வைக்க மனமில்லாமல் தெருவில் நின்றார்கள். அப்பா அதைப் பார்த்துவிட்டு வந்து, "ஒரு நாள் கூத்துக்கு இம்புட்டு ஆசையா இருக்கானுக. இத ஒரு கூரைக்குள்ள வச்சு ரெண்டு மாசம் நடத்துனா என்ன?" என்றார். பத்து நாளில் கிட்டங்கி தயார். ஏலக்காய்ச் சாக்கில் உமியை நிரப்பிச் சுவர் மாதிரி அடுக்கினார். தோட்டத்தில் மருந்தடிக்கும் கைப்பம்புகளை இறக்கிக் கொண்டுவந்தார். ஒரு கட்சிக்குச் சிவப்பு, ஒரு கட்சிக்குப் பச்சை. பச்சை என்ன பச்சை தெரியுமா? வெளுத்துப்போன ஏலக்காய்க்கு ஏற்றுவதற்கென்று சிலர் ஒளித்துவைத்திருப்பார்களே, அந்தச் சாயம். அதன் நாற்றம் எனக்கு அப்போதே பிடிக்காது. முதல் வாரமே ஒருவனுக்குக் கண் வீங்கிவிட்டது. பம்பில் மருந்து மிச்சம் இருந்திருக்கிறது. "சோப்புப் போட்டுக் கழுவியாச்சே" என்று அப்பா ஆச்சரியப்பட்டார். இந்த ஒன்றையாவது அவரிடமிருந்து கற்றுக்கொள். துப்பாக்கி வாங்குவதற்கு முன்னால் கண்ணாடி வாங்கு. எண்ணிக்கையில் ஒன்றுகூடக் குறையக்கூடாது. சாக்கை ஈரத்தோடு அடுக்காதே, நாலாம் நாள் பூஞ்சை பிடித்து உள்ளே மூச்சுவிட முடியாது. தரைக்கு மணல் போடு.

நான் டிக்கெட் மேஜையில் உட்கார்ந்தேன். படித்த மருமகள் உட்கார்ந்தால் கௌரவம் என்று அப்பாவுக்கு நினைப்பு. முதலில் கூட்டம் வந்தது. ஆனால் ஆட்டம் ஓடவில்லை. ஏன் என்று நீ யோசித்தால் உனக்கே சிரிப்பு வரும். சீட்டுக் குலுக்கிப் போட்டுக் கட்சி பிரிப்பார் அப்பா. ஒருவன் மூட்டைக்குப் பின்னால் இருந்து பம்பை நீட்டிக்கொண்டு பாய்வான். எதிரே நிற்பவனைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிடுவான். "அட, சித்தப்பு நீங்களா? உங்க மேல எப்படி அடிக்கிறது?" "நான் எப்படிடா உனக்குச் சித்தப்பு? உங்க ஆத்தா வழியில பாத்தா மாமன்ல வரணும்." "எங்க அய்யா வழியில பங்காளியாக்கும்." உட்கார்ந்து முறை பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். அரை மணி நேரம் அதிலேயே போய்விடும். வெளியே காத்திருப்பவர்கள், "என்ன மாப்ளே, உள்ள சம்பந்தமா பேசுறீக?" என்று கேலி செய்வார்கள். இந்த ஊரில் யாரைத் தொட்டாலும் யாருக்கோ ஏதோ முறை. மூன்றாம் வாரம் டிக்கெட் மேஜையில் ஈ ஓட்டினேன். அதுவரைக்கும் அது ஒரு முட்டாள்தனமான, வேடிக்கையான தொழில். யாருக்கும் கெடுதல் இல்லை.

அப்பாவுக்கு அப்போதுதான் அந்த வழி தோன்றியது. முறையே இல்லாத ஆட்களைக் கொண்டுவந்து எதிரே நிறுத்திவிட்டால்? கோடையில் தோட்டத்தில் சோலி குறைவு. குரங்கணிப் பக்கம் மலையில் வேலை செய்கிறவர்கள், நம் சாதிசனம் இல்லாதவர்கள், யாருக்கும் மாமனும் இல்லை மச்சானும் இல்லை. யார் வேண்டுமானாலும் யோசிக்காமல் அடிக்கலாம். "கூலி குடுத்துருவோம். அவங்க கையில பம்பு வேணாம், காசு குடுக்குறவன் சட்டை நனைஞ்சா வம்பு. வெறும் தண்ணிதானே" என்றார். என்னைக் கூப்பிட்டு ஒரு போர்டு எழுதச் சொன்னார். நான் ஆட்டத்தின் விதிகள் என்று தலைப்புப் போட்டு வரிசையாக எழுதினேன். நான்காவது விதி: கூலிக்கு வந்தோர் திருப்பி அடிக்கக் கூடாது. 'கூடாது' என்ற சொல்லுக்கு அடியில் ஒரு அழகான கோடு போட்டேன். எழுத்து நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நீயும் திங்கட்கிழமை, "உங்க கையெழுத்துல ஒரு போர்டு வேணும்மா" என்றாயே, இந்தக் கதை தெரியாமல்தான் கேட்டாய்.

அதன் பிறகு கூட்டத்தைக் கேட்க வேண்டாம். முறை பார்க்க ஆள் இல்லை, திரும்பி வருகிற தண்ணீரும் இல்லை. நல்ல மனிதர்கள் என்று நான் நினைத்திருந்தவர்கள், தெருவில் என்னைப் பார்த்தால் தலை குனிந்து போகிறவர்கள், உள்ளே போய் அரை மணி நேரத்தில் வேறு ஆளாக வெளியே வந்தார்கள். வெற்றிலை எச்சில் வழியச் சிரித்துக்கொண்டு, உதட்டைத் துடைக்கக்கூட மறந்து. "வாய்க்குள்ளயே அடிச்சேன் மாப்ளே, இருமுறான் இருமுறான்." இதைச் சொன்னவர் ஒரு ஏலக்காய்க் கடைக்காரர், வீட்டில் மூன்று பிள்ளைகள். எனக்கு அருவருப்பாக இருந்ததா என்றால், இருந்தது. ஆனால் அருவருப்பு என்பது பெரிய விஷயமில்லை, அப்பு. அதை வைத்துக்கொண்டே டிக்கெட் கிழித்துக் கொடுக்க முடியும். நான் கொடுத்தேன். ஒரு நாள் அந்தக் கடைக்காரர் அப்பாவிடம், "ஆம்பளைகளையே எத்தன நாளைக்கு அடிக்கிறது? நாலு பொம்பளையாளும் இருந்தா ஆட்டம் களை கட்டும்ல" என்றார். அப்பா சிரித்தார். அன்று மத்தியானம் என்னிடம், "நீ சொன்னா வருவாக. படிச்ச பொம்பள சொன்னா நம்புவாக" என்றார்.

பேச்சியம்மாளை அப்படித்தான் அழைத்தேன். எனக்குச் சம வயது. சீசனில் நம் கிட்டங்கியில் உட்கார்ந்து காய் பிரிப்பாள். வாய் ஓயாமல் பேசுவாள். நான் பேசமாட்டேன் என்று தெரிந்து, எனக்கும் சேர்த்து அவளே பேசிக்கொள்வாள். "நீங்க சும்மா தலைய ஆட்டுங்க ஆத்தா, மிச்சத்த நான் சொல்லிக்கிறேன்" என்பாள். நான் போய், மஞ்சள் தண்ணீர் மாதிரி ஒரு ஆட்டம் என்று சொன்னதும், "மஞ்சத்தண்ணியா? மலையில நாங்க நனையாத நனைப்பா? நீங்க அங்க இருப்பீகல்ல?" என்று கேட்டாள். இருப்பேன் என்றேன். இருந்தேன். மேஜையை விட்டு நகராமல் இருந்தேன்.

அவள் வந்த அன்று உள்ளே நடந்ததை முழுவதும் எழுத எனக்குக் கை வரவில்லை. சாக்குச் சுவரின் இடுக்கு வழியாகத் தெரிந்தது, உள்ளே அந்தக் கடைக்காரரும் இன்னும் மூன்று பேரும். எங்கே குறிபார்த்தார்கள் என்பதை ஒரு பெண்ணுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஒரு மகனிடம் சொல்ல முடியாது. பம்பின் முனையை ஒரு சாண் தூரத்தில் வைத்துக்கொண்டு அடித்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் ஒரு பேச்சு, ஒரு சிரிப்பு. நடுவில் பேச்சி வெளியே வந்தாள். முடியில் இருந்து பச்சை சொட்டிக்கொண்டிருந்தது. சேலையைக் கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு என் மேஜைக்கு முன்னால் நின்றாள். அழவில்லை. "ஆத்தா, எங் கையிலயும் ஒரு பம்பு குடுங்க. கூலி வேணாம். ஒத்தப் பம்பு" என்றாள். நான் போர்டைப் பார்த்தேன். "விதியில இல்லையே, பேச்சி" என்றேன். வகுப்பில் எழுந்து பேசாதவள், மாமியாரிடம் வாய் திறக்காதவள், அந்த இடத்தில் எவ்வளவு தெளிவாகப் பேசினேன் பார். அவள் அப்படியே தெருவில் இறங்கி நடந்தாள். பஜார் வழியாகத்தான் போனாள். ஜீப்பில் ஏற்றவில்லையாம், சீட்டில் சாயம் ஒட்டும் என்று. குரங்கணி வரைக்கும் நடந்தே போயிருக்கிறாள்.

மறுநாள் காலையில் நம் தெருவில் வியாபாரிகள் எல்லோரும் கூடியிருந்த நேரம், பேச்சி திரும்பி வந்தாள். கூட அவள் வீட்டுக்காரன், உறவுக்காரர்கள், இருபது பேர் இருக்கும். எல்லோரும் துவைத்த உடுப்பு. பெண்கள் கையில் தாம்பாளம், அதில் வெற்றிலையும் மஞ்சளும் வாழைப்பழமும். சம்பந்தி வீட்டுக்குப் போகிறவர்கள் மாதிரி வந்தார்கள். பேச்சி நேரே அந்தக் கடைக்காரர் முன்னால் போய் நின்றாள். "என்ன மச்சான், நேத்து அம்புட்டு ஆசையா மஞ்சத்தண்ணி ஊத்துனீக. இன்னைக்கு மூஞ்சியத் திருப்புறீக? வீட்டுக்கு வாங்கன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"யாருடி உனக்கு மச்சான்?" என்றார் அவர்.

"முறை இல்லாமலா ஊத்துனீக? ஊருக்குள்ள அப்படி ஒரு வழக்கமா?" அவள் குரலை உயர்த்தவே இல்லை. தெருவில் இருந்தவர்களைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாள். "நீங்க சொல்லுங்க அண்ணே. மஞ்சத்தண்ணி ஊத்துனா மச்சான். மச்சான் இல்லைன்னா, முறை இல்லாத பொம்பள மேல கை வச்சவன். ரெண்டுல எதுன்னு அவரையே சொல்லச் சொல்லுங்க. எதுன்னாலும் சரி, நாங்க கேட்டுக்கிறோம்."

கடைக்காரர் காறித் துப்பிவிட்டுத் திரும்பி நடந்தார். நடந்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. முந்தின நாள் உள்ளே இருந்த மற்ற மூன்று பேரும் அதற்கு முன்பே கூட்டத்தில் இல்லை. அன்றிலிருந்து ஒருவரும் டிக்கெட் வாங்கவில்லை. மூன்றாம் நாள் அப்பா கிட்டங்கியைப் பூட்டினார். இதுதான் நடந்தது. மழையும் இல்லை, கூரையும் ஒழுகவில்லை. அவர்கள் வெட்கப்பட்டுத்தான் வராமல் போனார்கள் என்று நான் பல வருஷம் நம்பினேன். இல்லை, அப்பு. செய்ததற்காக யாரும் வெட்கப்படவில்லை. அவள் நடுத்தெருவில் மச்சான் என்று கூப்பிட்டுவிட்டாளே, அதைத்தான் அவர்களால் தாங்க முடியவில்லை. அந்தச் சொல்லைக் கழுவுவது போலத்தான் அப்பாவும் மறுநாள் வாசலையெல்லாம் கழுவச் சொன்னார். நான்தான் குடத்தில் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

இதுவரைக்கும் மற்றவர்களைப் பற்றி எழுதினேன். அது சுலபம். கடைக்காரர் போன பிறகு பேச்சி நம் வீட்டு வாசலுக்கு வந்தாள். நான் நிலைக்கு உள்ளே நின்றுகொண்டிருந்தேன். என்னைப் பார்த்ததும், தெருவில் பேசியபோது இருந்த முகம் மாறியது. பழைய பேச்சியாக ஆனாள். "மதினி, வெயில்ல நடந்து வந்துருக்கோம். ஒரு செம்புத் தண்ணி குடுங்க" என்றாள். மதினி என்றதில் கேலி இருந்ததா என்று இன்றுவரை யோசிக்கிறேன். இருந்திருக்கலாம். ஆனால் தண்ணீர் கேட்டதில் இல்லை. இருபது பேர் நிஜமாகவே வியர்த்துப்போய் நின்றார்கள். நான் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டேன். மாமியார் பார்த்துக்கொண்டிருந்தார், அதனால்தான் என்று எனக்கு நானே சொல்லிவந்திருக்கிறேன். அவர் பார்க்கவில்லை. அவர் கொல்லையில் இருந்தார். உன் அப்பாவும் வீட்டில் இல்லை. யாரும் என்னைத் தடுக்கவில்லை. என் கைதான் போட்டது.

பேச்சி அதற்குப் பிறகு நம் கிட்டங்கிக்குக் காய் பிரிக்க வரவில்லை. வேறொரு கிட்டங்கிக்குப் போனாள் என்று கேள்விப்பட்டேன். நானும் விசாரிக்கவில்லை.

நீ கெட்டவன் இல்லை. உன் அப்பாவும் கெட்டவர் இல்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அதுதான் எனக்கு அதிகம் அருவருப்பாக இருக்கிறது. கெட்டவர்கள் யாரும் இல்லாமலே அந்த இரண்டு மாதம் நடந்தது. வெறும் தண்ணீர், வெறும் சாயம், கூலிதான் கொடுக்கிறோமே என்று நல்ல மனிதர்கள் பேசிப் பேசியே நடத்தினோம். திருப்பி அடிக்க முடியாதவனைக் காசுக்கு முன்னால் நிறுத்திவிட்டால், காசு கொடுத்தவன் உள்ளே என்னவாக ஆகிறான் என்பதை நான் மேஜையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அவர்கள் வெளியே வந்தபோது இருந்த முகங்களை உன் சிநேகிதர்கள் முகத்தில் நான் பார்க்க விரும்பவில்லை. உன் முகத்தில் பார்த்தால் எனக்கு அதற்குப் பிறகு உன்னோடு உட்கார்ந்து சாப்பிட முடியாது. இதை மிரட்டலாக எடுத்துக்கொள்ளாதே. உடம்பு அப்படி. திங்கட்கிழமையே முடியவில்லை.

ஆட்டத்தை நடத்து. கிட்டங்கி அப்பாவுக்குப் பிறகு என் பெயரில் இருக்கிறது, கையெழுத்துப் போட மறுத்து உன்னை நிறுத்திவிடலாம். அப்படி நிறுத்தினால் வேறு இடத்தில், வேறு ஆறு பேரோடு நடத்துவாய். அதனால் மறுக்கவில்லை. பத்திரிகைப் படத்தில் எல்லோர் கையிலும் துப்பாக்கி இருக்கிறது, எல்லோர் மேலும் சாயம் இருக்கிறது, கவனித்தாயா? அந்த ஆறு பேரும் வரட்டும். துப்பாக்கியில் சாயக் குண்டோடு வரட்டும். சட்டை நனையப் பயப்படுகிறவன் டிக்கெட் வாங்காமல் மூணாறுக்கே போகட்டும். அதனால் தொழில் படுத்துவிடும் என்றால், படுக்கட்டும். கோடையில் கிட்டங்கி காலியாகக் கிடந்து யாரும் செத்துப்போனதில்லை.

இவ்வளவும் புத்திமதி. கேட்க நினைத்தது வேறு. எழுத ஆரம்பித்ததிலிருந்து தள்ளிப்போட்டுக்கொண்டே வந்துவிட்டேன். இந்தக் கடிதத்தை நீ மட்டும் படித்து மடித்து வைத்துவிடாதே. மதுரைக்குப் போவதற்கு முன்னால் இந்த ஆட்டத்தில் உன்னோடு சேரும் நாலு சிநேகிதர்களையும் அந்த ஆறு பேரையும் கிட்டங்கிக்கு வரச்சொல். எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்து இதைச் சத்தமாக வாசி. நானும் வந்து உட்காருகிறேன், பேசத்தான் என்னால் முடியாது. அம்மாவைப் பற்றி வெளியில் தெரிய வேண்டாம் என்று எதையும் விட்டுவிடாதே. முக்கியமாக, நான் தாழ்ப்பாள் போட்ட இடம் வரும்போது குரலைக் குறைக்காதே, அப்பு.

இப்படிக்கு,
அம்மா